புனித வெள்ளியின் மூன்று நாள்: ஐதராபாத்தா, கொச்சியா, மைசூரா?

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஆறு பேர். கல்லூரி விடுதியில் ஒரே வராந்தாவில் குடியிருந்தவர்கள். வருடத்துக்கு ஒரு தடவை, வீட்டில் சொல்லிவிட்டு, மூன்று நாள் ஏதாவது ஒரு நகரத்துக்குக் கிளம்புவோம். மலையேற்றம், காட்டுக்குள் கூடாரம் எல்லாம் எங்களுக்குச் சரிப்படாது. நடக்க நல்ல தெரு, உட்கார ஒரு டீக்கடை, பார்க்க இரண்டு பழைய கட்டடம், ராத்திரி வெகுநேரம் பேச ஒரு மொட்டைமாடி. இவ்வளவுதான் தேவை. இவ்வளவையும் ஒரே ஊரில் பிடிப்பதுதான் கஷ்டம்.

இந்த முறையும் புனித வெள்ளிதான். மார்ச், ஏப்ரலில் ஆறு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிற மூன்று நாள் அது ஒன்றே. தமிழ்ப் புத்தாண்டு ஏப்ரல் 14ஆம் தேதியில் நிற்கிறது. அது புதன்கிழமை வந்தால் யாருக்கும் பிரயோஜனமில்லை, திங்கள்கிழமை வந்தாலும் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளியேற எவருக்கும் தைரியமில்லை. புனித வெள்ளி அப்படி இல்லை. மார்ச் 20 முதல் ஏப்ரல் 23 வரை எந்தத் தேதியில் வந்தாலும் அது வெள்ளிக்கிழமைதான்.

அந்த வெள்ளிக்கிழமையைத்தான் நாங்கள் பல வருடம் கவனிக்காமல் விட்டோம். எந்த ஊர் அழகு, எந்த ஊரில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்றே பேசிக்கொண்டிருப்போம். போய் இறங்கிய பிறகுதான் அந்த ஊரில் வெள்ளிக்கிழமை எது பூட்டிக் கிடக்கும் என்று தெரியும். ஆகவே இந்தத் தடவை நான் ஊர்களைக் கிழமையை வைத்துத்தான் எடை போட்டேன். விழித்திருக்கும் நேரத்தில் எத்தனை மணி நேரம் உருப்படியாகக் கையில் மிஞ்சுகிறது, அந்த நேரத்தில் அங்கே என்ன திறந்திருக்கிறது என்பது மட்டும்தான் கணக்கு.

முதலில் கழித்துக்கட்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரி பக்கம். ஈ.சி.ஆரில் மூன்று மணி நேரம். அதுதான் அதன் குறையும். நீண்ட வார இறுதி என்றால் சென்னையில் பாதியும் பெங்களூரில் கொஞ்சமும் அங்கே வந்துவிடும். கடற்கரைச் சாலையில் சாயங்காலத்துக்கு மேல் வண்டி விடமாட்டார்கள், நடக்க அருமையான இடம், ஆனால் அந்த மூன்று நாளில் நடக்கவே இடம் இருக்காது. சாதாரண சனி, ஞாயிறிலேயே போய்வரக்கூடிய ஊருக்காக வருடத்தின் ஒரே மூன்று நாளைச் செலவழிப்பானேன்?

மதுரையை முன்மொழிந்தது ஒருத்தன், எதிர்த்தது மதுரைக்காரன். “என் ஊருக்கு நானே டூரிஸ்ட்டா வர்றதா? எங்கம்மா ஆறு பேருக்கும் பாயை விரிச்சுப் போட்டுடுவாங்க, அப்புறம் மூணு நாளும் வீட்டுக்குள்ளதான்” என்றான். நியாயம்தான். தவிர, மீனாட்சியம்மன் கோயில் மதியம் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த வெயில் நேரத்தை மதுரையில் தூங்கித்தான் கழிக்க வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரை முழுநிலவு நாளில் மதுரைக்குப் போவது வேறு விஷயம். அதைச் சுற்றுலா என்ற கணக்கில் சேர்க்கக்கூடாது.

ஆக மிஞ்சியவை மூன்று: ஐதராபாத், கொச்சி, மைசூர்.

ஐதராபாத்துக்குக் குழுவில் இரண்டு ஓட்டு. இரண்டுமே பிரியாணிக்கு விழுந்தவை. ஒருத்தனுக்கு ஹலீம் ஆசையும் உண்டு, கோதுமையும் இறைச்சியும் சேர்த்து இடித்துக் கிண்டுகிற நோன்புக்கால உணவு அது. அவனிடம் பஞ்சாங்கத்தைக் காட்ட வேண்டியதாயிற்று. ரமலான் மாதம் வருடத்துக்குப் பதினோரு நாள் வீதம் முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. 2025இல் மார்ச் முழுக்க நோன்பு. 2026இல் பிப்ரவரி நடுவில் தொடங்கி மார்ச் 20 வாக்கில் முடிந்தது. இனிப் பல வருடங்களுக்குப் புனித வெள்ளியும் ஹலீம் அண்டாவும் ஒன்றையொன்று சந்திக்கப்போவதில்லை. மற்ற மாதங்களிலும் அங்கங்கே ஹலீம் கிடைக்கும்தான். ஆனால் நோன்பு திறக்கிற நேரத்தில் பழைய நகரத்துத் தெருவோரம் அண்டாவுக்குள் மரத்தடியால் இடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தவன் அதை ஹலீம் என்று ஒத்துக்கொள்ள மாட்டான்.

சரி, பிரியாணி எப்போதும் உண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை? சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்கு வாராந்திர விடுமுறை வெள்ளி. நிஜாம்களின் சௌமஹல்லா அரண்மனைக்கும் வெள்ளிதான். சார்மினார் பகுதி திறந்திருக்கும், ஆனால் மக்கா மசூதியில் ஜும்ஆ தொழுகைக்குக் கூடும் கூட்டத்தில் மதியம் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போவது நமக்கும் சங்கடம், தொழ வருகிறவர்களுக்கும் இடைஞ்சல். இப்படியே முதல் நாள் கரைந்துவிடும். சாலார் ஜங்கில் ஒரு பழைய இசைக் கடிகாரம் இருக்கிறது. மணிக்கொரு தடவை உள்ளிருந்து ஒரு தாடிக்காரப் பொம்மை வந்து மணியடித்துவிட்டுப் போகும். அதைப் பார்க்கப் பெரியவர்களெல்லாம் பத்து நிமிஷம் முன்னாலேயே பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பார்கள். எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கத்தான் ஆசை. சனிக்கிழமை பார்க்கலாம்தான், ஆனால் அப்போது கோல்கொண்டா கோட்டை, அருங்காட்சியகம், சௌமஹல்லா, லாட் பஜார் எல்லாமே சனி, ஞாயிறு இரண்டு நாளில் அடைபடும்.

வெயிலையும் சொல்ல வேண்டும். நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். புத்தகத்தில் அப்படி. ஏப்ரல் ஐதராபாத்தில் அந்தச் சொல்லை உச்சரித்தால் ஆட்டோக்காரர் சிரிப்பார். நாற்பது டிகிரியை எட்டிப் பார்க்கிற ஊர். கோல்கொண்டாவில் வாசலில் கைதட்டினால் மேலே பாலா ஹிசாரில் கேட்கும் என்பார்கள், நிஜமாகவே கேட்கிறது. ஆனால் அங்கே ஏற முந்நூற்றைம்பதுக்கு மேல் படி, கோட்டை திறப்பது காலை ஒன்பது மணிக்கு. வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம் என்ற வழியே இல்லை. எங்களில் ஒருத்தனுக்கு முழங்கால் சரியில்லை, இன்னொருத்தனுக்கு ரத்த அழுத்தம். இருபது வயதில் இதெல்லாம் ஒரு பொருட்டாக இருந்திருக்காது.

பயணமும் நீளம். சார்மினார் எக்ஸ்பிரஸ் மாலை ஆறு மணி வாக்கில் சென்னையைவிட்டுக் கிளம்பும், மறுநாள் காலைதான் போய்ச் சேரும். வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டால்தான் அதைப் பிடிக்க முடியும். விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று ஆசை காட்டுவார்கள். வீட்டிலிருந்து மீனம்பாக்கம், அங்கே காத்திருப்பு, இறங்கியபின் ஷம்ஷாபாத்திலிருந்து ஊருக்குள் வருவது எல்லாம் சேர்த்தால் அரை நாள் போய்விடும். நீண்ட வார இறுதியில் ஆறு டிக்கெட்டின் விலையைப் பார்த்தால் பிரியாணி தொண்டையில் இறங்காது. ஐதராபாத் நல்ல ஊர், ஜனவரிக்கு. குடியரசு தினம் திங்கள்கிழமை வருகிற வருடத்துக்கு அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

கொச்சிதான் என் மனசுக்குப் பிடித்தது. அதனாலேயே அதன்மேல் கடுமையாக இருக்க வேண்டியிருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் இதே புனித வெள்ளிக்குக் கொச்சி போனோம். இரவு ஒன்பது மணி வாக்கில் சென்ட்ரலில் ஆலப்புழை எக்ஸ்பிரஸ் ஏறிப் படுத்தால் காலையில் எர்ணாகுளம். படகு ஏறிக் கோட்டைக் கொச்சியில் இறங்கினோம். தங்கப் பேசி வைத்திருந்த வீட்டுக்காரர் எங்கள் மூன்று அறையில் ஒன்றை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டிருந்தார். அதை விடுங்கள், ஆறு பேர் இரண்டு அறையில் படுப்பது எங்களுக்குப் புதிதல்ல. மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போனோம். பூட்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்று பலகை. கடைத்தெருவில் பாதிக் கடை அடைப்பு. தேவாலயங்களில் துக்கச் சடங்கு. உள்ளே போய் வாஸ்கோ ட காமாவைப் புதைத்த இடம் எங்கே என்று கேட்கிற நாளா அது? எங்கள் குழுவில் சாயங்காலம் ஒரு பீர் இல்லாவிட்டால் பயணமே இல்லை என்கிற ஒருத்தன் உண்டு. கேரளத்தில் புனித வெள்ளியன்று மதுக்கடை திறப்பதில்லை என்பது அவனுக்கு எர்ணாகுளத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று நாளும் அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் புனித வெள்ளியின் துக்கம் புரிந்திருக்கும்.

சனிக்கிழமை யூதத் தெரு. 1568இல் கட்டிய பரதேசி ஜெபாலயம், தரையில் சீனத்து நீலப் பூ ஓடுகள், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சனிக்கிழமை யூதர்களின் ஓய்வு நாள், அதனால் பூட்டு. ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. யூதர்களின் பஸ்கா பண்டிகை பெரும்பாலான வருடங்களில் ஈஸ்டரை ஒட்டியே வரும், பண்டிகை நாள்களிலும் ஜெபாலயம் திறக்காது. யோசித்துப் பார்த்தால் இதில் ஆச்சரியமே இல்லை. ஏசு கடைசியாக உண்டது பஸ்கா விருந்து, இரண்டு பண்டிகையும் ஒரே முழுநிலவை ஒட்டி நடப்பவை. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவ வீடுகளில் பெரிய வியாழன் இரவு புளிக்காத மாவில் பெசகா அப்பம் சுடுகிறார்களே, அதுவும் அந்த உறவின் மிச்சம்தான். படிக்கச் சுவையாக இருக்கிறது. மூன்று நாளை எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு இது மூன்று பூட்டு.

ஆனாலும் கொச்சியை முழுக்கத் தள்ள மாட்டேன். காலை ஆறு மணிக்குச் சீன வலைகளின் பக்கம் நடந்தால், அந்தப் பெரிய மரக்கைகள் தண்ணீருக்குள் இறங்கி எழும்போது எழுகிற கிறீச் சத்தத்துக்கு எந்த விடுமுறையும் கிடையாது. தண்ணீர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. உயர்நீதிமன்றத் துறையிலிருந்து கோட்டைக் கொச்சிக்கு அடுத்த வருடமே விட்டார்கள். மின்சாரப் படகு, ஏ.சி., சத்தமே இல்லாமல் போகும். பக்கத்திலேயே அரசின் பழைய படகும் ஓடுகிறது, சில்லறைக் காசுக்கு. எனக்கு அந்தப் பழைய படகுதான் பிடிக்கும், ஜன்னலில் கை வைத்துக்கொண்டு வரலாம். குழுவில் மற்ற ஐந்து பேரும் ஏ.சி. கட்சி.

கொச்சியில் நல்லபடியாக அமைந்தது ஈஸ்டர் ஞாயிறு மட்டும்தான். ஐம்பது நாள் நோன்பு முடிந்த வீடுகளிலிருந்து தெருவுக்கே தாளிப்பு வாசம் வந்தது. அப்பமும் ஸ்டூவும், வாத்துக்கறி வறுவலும். அன்றைக்கு எங்களுக்கு வாய்த்த சாப்பாட்டை இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் மாலை ஏழு மணி வாக்கில் திருவனந்தபுரம் மெயிலைப் பிடிக்க எர்ணாகுளம் திரும்ப வேண்டியிருந்தது. ஊர் எங்களுக்காகக் கதவைத் திறந்த அன்றைக்கு நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

கொச்சி பினாலே என்கிற கலைக் கண்காட்சியும் இதே மாதிரிதான் கைக்கெட்டாமல் போகிறது. 2012 டிசம்பர் 12இல் தொடங்கியது அது, 12-12-12. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்று பேர், நடுவில் கொரோனா அதைத் தள்ளிப்போட்டது. எப்போது நடந்தாலும் டிசம்பரில் ஆரம்பித்து மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ சுருட்டிவிடுவார்கள். மார்ச்சிலேயே புனித வெள்ளி வருகிற வருடத்தில், பினாலேவும் இருந்தால், மற்ற பூட்டுகளை மறந்துவிட்டுக் கொச்சிக்கே போங்கள். இரண்டு நாளும் போதாது. இல்லையென்றால் வேர்வைதான் மிச்சம். வெப்பமானி ஐதராபாத்தைவிட ஐந்தாறு டிகிரி குறைவாகத்தான் காட்டும். உடம்பு அதை நம்பாது. சட்டை காலை ஒன்பதுக்கே முதுகில் ஒட்டும்.

மைசூரைச் சொன்னபோது குழுவில் எல்லாருக்கும் கொட்டாவி. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் எல்லாரும் போன ஊர். பிருந்தாவனத்து நீரூற்று முன்னால் வரிசையாக நின்று எடுத்த போட்டோ எல்லார் வீட்டிலும் இருக்கிறது. “அங்க போய் என்னடா பண்றது, அரண்மனை பார்த்துட்டு சோப்பு வாங்கிட்டு வர்றதா?” என்று ஒருத்தன். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்ட பிறகுதான் மனம் மாறியது.

கணக்கு இதுதான். காவேரி எக்ஸ்பிரஸ் வியாழன் இரவு ஒன்பது மணிக்கு மேல் சென்ட்ரலைவிட்டுக் கிளம்புகிறது. அலுவலகம் முடித்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டே வரலாம். வெள்ளி காலை ஏழு மணி வாக்கில் மைசூர். ஞாயிறு இரவு அதே வண்டியில் ஏறினால் திங்கள் காலை சென்னை. மூன்று முழுப் பகல் கையில். திங்கள்கிழமை கண் எரிய அலுவலகம் போக முடியாது என்கிறவர்களுக்கு ஞாயிறு மதியம் வந்தே பாரத் இருக்கிறது, ஏழரை வாக்கில் சென்னை வந்துவிடும். 2022 நவம்பரில் தென்னிந்தியாவுக்கு வந்த முதல் வந்தே பாரத் இதே சென்னை–மைசூர்தான். ஆனால் அதில் வந்தால் ஞாயிறு அரை நாள் போச்சு. அந்த ஆளை நாங்கள் தனியாக அனுப்பிவிடுவோம்.

அடுத்தது கிழமை. அரண்மனைக்கு வார விடுமுறையே இல்லை, தினமும் காலை பத்து மணிக்குத் திறக்கிறார்கள். உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, நமக்கு அதனால் பாதகமில்லை. தேவராஜா மார்க்கெட் வெள்ளிக்கிழமை பூ வியாபாரத்தில் இன்னும் களைகட்டும். முக்கியமான விஷயம் விளக்கு. ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் சேர்ந்து அரண்மனை ஒளிர்வது ஞாயிறும் அரசு விடுமுறை நாளும், இரவு ஏழு மணிக்கு, முக்கால் மணி நேரம் மட்டும். புனித வெள்ளி அரசு விடுமுறை. மற்ற இரண்டு ஊரிலும் எங்களுக்குக் கதவை அடைத்த அதே வெள்ளி, மைசூரில் விளக்கேற்றி வைக்கிறது. இது தெரிந்ததும் கொட்டாவி விட்ட இரண்டு பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்த அரண்மனைக்கும் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1897இல் பழைய மர அரண்மனை ஒரு கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. புதியதை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், 1912இல் கட்டி முடித்தார்கள். நம் எழும்பூர் ரயில் நிலையமும் அவர் வரைந்ததுதான். எழும்பூரில் ரயிலுக்கு ஓடுகிற அவசரத்தில் அந்தச் சிவப்புச் செங்கல்லையும் வெள்ளைக் குவிமாடத்தையும் யார் நிமிர்ந்து பார்க்கிறோம்? மைசூரில் அதே ஆளின் கைவேலையைப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நிற்கிறோம். செருப்பு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஏப்ரல் மதியம் அந்தக் கல் முற்றத்தில் வெறுங்காலோடு நடந்தால் தீ மிதித்த புண்ணியம் கிடைக்கும். காலை பத்துக்கே போய்விட வேண்டும்.

வெயில் மைசூரிலும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. பகலில் முப்பத்து நாலு, முப்பத்தைந்து வரும். ஆனால் ஊர் கடல் மட்டத்துக்கு எழுநூறு மீட்டருக்கு மேல் நிற்கிறது. சூரியன் சாய்ந்ததும் காற்று மாறும், ராத்திரி இருபது சொச்சத்துக்கு இறங்கும். மொட்டைமாடிப் பேச்சுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சில சாயங்காலம் இடியோடு கோடை மழை கொட்டும். அப்போது சாலையோரத்து மேஃபிளவர் மரங்கள் சிவப்பாக உதிர்ந்து கிடக்கும். இளவேனில் என்ற சொல்லைச் சிரிக்காமல் சொல்லக்கூடிய ஊர் இந்த மூன்றில் இது ஒன்றுதான்.

கோல்கொண்டாவில் முடியாதது இங்கே முடியும். சாமுண்டி மலையின் ஆயிரம் படிக்குக் கதவு கிடையாது. அதிகாலையில் ஏறத் தொடங்கினால் ஒரே கல்லில் செதுக்கிய பெரிய நந்தியிடம் வரும்போது கீழே ஊர் பனிமூட்டத்திலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். முழங்கால் சரியில்லாதவன் நகரப் பேருந்தில் உச்சிக்குப் போய் எங்களுக்காகக் காபி குடித்துக்கொண்டிருப்பான். ஆறு பேரையும் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டு போக வேண்டிய அவசியம் இல்லாத ஊர் என்பது நண்பர்கள் பயணத்தில் பெரிய விஷயம். ரயில் நிலையம், அரண்மனை, மார்க்கெட், பூங்கா, பிலோமினா பேராலயம் எல்லாம் ஒன்றுக்கொன்று இரண்டு, மூன்று கிலோமீட்டருக்குள். தூங்குமூஞ்சி பத்து மணிக்கு எழுந்து ஆட்டோவில் வந்து சேர்ந்துகொள்ளலாம். கொச்சியில் படகைத் தவறவிட்டவனுக்காக ஐந்து பேர் துறையில் நின்றது நினைவிருக்கிறது.

சாப்பாட்டில் மைசூர் மூன்றாமிடம்தான், ஒப்புக்கொள்கிறேன். பிரியாணியோடும் வாத்துக்கறியோடும் போட்டி போட அதனிடம் ஆள் இல்லை. ஆனால் காலைச் சாப்பாடு என்று வந்தால் நிலைமை வேறு. நசர்பாத்தில் மைலாரி தோசை, மெத்தென்று, மேலே ஒரு உருண்டை வெண்ணெய். நம்மூர் முறுகல் தோசைக்காரர்களுக்கு முதல் வாயில் ஏமாற்றம், மூன்றாவது தோசையில் சமாதானம். அப்புறம் மைசூர்பாகு. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரண்மனையில் காகாசுர மாதப்பா என்ற சமையல்காரர் கண்டுபிடித்தது என்று சொல்வார்கள். அவர் வழிவந்தவர்கள் நடத்தும் குரு ஸ்வீட்ஸ் தேவராஜா மார்க்கெட்டை ஒட்டியே இருக்கிறது. நெய் ஒழுகுகிற சென்னை மைசூர்பாகில் வளர்ந்தவனுக்கு அந்தப் பொரபொரப்பு பிடிக்குமா என்பது அவரவர் நாக்கு. எனக்குப் பிடிக்கும்.

மைசூரின் உண்மையான குறை பெங்களூர்தான். 2023 மார்ச்சில் விரைவுச்சாலை திறந்ததிலிருந்து பெங்களூர்க்காரர்களுக்கு மைசூர் பக்கத்துத் தெரு மாதிரி. நீண்ட வார இறுதியில் சனிக்கிழமை பதினொரு மணிக்கு அரண்மனை வாசலில் நின்றால் ராஜாவைத் தவிர எல்லாரும் அங்கே இருப்பார்கள். அறை வாடகையும் ஏறும். ஆறு பேருக்கு மூன்று அறை, இரண்டு இரவு, ஆக ஆறு வாடகை. ஓர் அறைக்கு ஆயிரம் ஏறினாலும் தலைக்கு ஆயிரம் கூடுகிறது. கோட்டைக் கொச்சியிலும் இதே கதைதான், அதனால் இதை வைத்து மைசூரைத் தோற்கடிக்க முடியாது. கூட்டத்துக்கு ஒரே வழி, அரண்மனையை வெள்ளி காலை பத்து மணிக்கே முடித்துவிடுவது. பெங்களூர் அப்போதுதான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும். சனிக்கிழமை ஊரைவிட்டு வெளியே போய்விட வேண்டும்.

வெளியே என்றால் பதினைந்து கிலோமீட்டரில் ஸ்ரீரங்கப்பட்டணம், அதை ஒட்டி ரங்கனதிட்டு பறவைகள் சரணாலயம். ரங்கனதிட்டில் ஏப்ரல் என்பது கூடு கட்டிக் குஞ்சு வளர்க்கிற காலம். படகில் போனால் தலைக்கு மேலே நாரைகள் இரையோடு வந்து இறங்கும், பாறையில் முதலை வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். காலையில் போவது நல்லது. பிறகு 1799 மே 4 அன்று திப்பு விழுந்த கோட்டை. அவருடைய பிள்ளைகளை ஆங்கிலேயர் கொண்டுபோய் வைத்தது வேலூரில். 1806இல் அங்கே சிப்பாய்கள் எழுந்தபோது கோட்டையில் ஏறியது திப்புவின் கொடி. போகும்போது நம் ரயில் காட்பாடியில் நிற்கும், அப்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருப்போம்.

காரில் போகலாமே என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை நான் வளர விடவில்லை. வியாழன் இரவு பூந்தமல்லி தாண்டவே ஒரு மணி நேரம், ஓசூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை இன்னொன்று. ஓட்டுகிறவனுக்குப் பயணத்தின் முதல் நாள் தூக்கத்தில் போகும், கடைசி நாள் கவலையில் போகும். ரயிலில் ஆறு பேரும் ஒரே பகுதியில் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டு போவது எங்களுக்கு ஊர் பார்ப்பதைவிட முக்கியம் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

காலை ஏழு மணிக்குப் போய் இறங்குவதில் ஒரு தொல்லை. பெரும்பாலான விடுதிகளில் அறை பன்னிரண்டு மணிக்குத்தான். முன்பதிவின்போதே ஓர் அறையை மட்டும் காலையில் கொடுக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். ஆறு பேர் வரிசையாகக் குளித்துவிட்டுப் பெட்டிகளை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினால் தோசைக்கும் அரண்மனைக்கும் சரியாக இருக்கும். மூன்று அறைக்கும் ஒரு நாள் வாடகையைச் சேர்த்துக் கட்டுவது வீண்.

ஓட்டெடுப்பு நடந்தது. மைசூருக்கு நாலு, ஐதராபாத்துக்கு ஒன்று. பீர்க்காரன் எதற்கும் ஓட்டுப் போடவில்லை, கேரளம் இல்லை என்று தெரிந்ததும் ஒரு கட்டைவிரல் மட்டும் அனுப்பினான்.

இனி டிக்கெட்தான் பாக்கி. ரயில் முன்பதிவு இப்போது அறுபது நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. முன்பு நூற்றிருபது நாளாக இருந்ததை 2024 நவம்பரில் குறைத்தார்கள். வியாழக்கிழமை வண்டிக்கு அறுபது நாள் பின்னால் எண்ணினால் ஞாயிற்றுக்கிழமை வரும். காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் போடலாம். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் உச்சவரம்பு, நாங்களும் சரியாக ஆறு. ஏழாவதாக ஒருத்தன் வருகிறேன் என்றால் அவனுக்குத் தனி டிக்கெட், தனிப் பெட்டி, தனி விதி. தட்கலை நம்பி இருந்துவிடக் கூடாது, அதில் ஒரு டிக்கெட்டுக்கு நாலு பேர்தான். எந்த இரண்டு பேரை விட்டுவிட்டுப் போவது என்று வேறு ஓட்டெடுப்பு நடத்த வேண்டிவரும்.

திரும்பி வருகிற ஞாயிறு இரவு டிக்கெட்தான் நிஜமான பரீட்சை. அதற்கு முன்பதிவு திறப்பது புதன்கிழமை காலை எட்டு மணிக்கு. அந்த நேரத்தில் ஒருத்தன் பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடுவான், இரண்டு பேர் மெட்ரோவில் இருப்பார்கள், ஒருத்தன் தூங்கிக்கொண்டிருப்பான். மதுரைக்காரனிடம் பொறுப்பை ஒப்படைத்திருக்கிறோம். ஆறு பேர் பெயர், வயது, யாருக்குக் கீழ்ப் படுக்கை என்று பட்டியல் அனுப்பச் சொன்னான். ஆறு பேரும் கீழ்ப் படுக்கை கேட்டிருக்கிறோம்.